அஞ்சலாட்சி கேட்ட நாலு நாள்

வைத்திக்குப்பத்துக் கடற்கரையில் அஞ்சலாட்சி குரல் கொடுத்தால் சோலை நகரில் பால் வாங்குகிறவன் திரும்பிப் பார்ப்பான் என்பார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். ஆனால் ரொம்பக் கூட்டிச் சொல்வதில்லை. இருபத்தொரு வருஷமாக அந்த மணலில் மீன் ஏலம் விடுகிறவள் அவள். படகு கரையேறி மீனை உதறிக் கூடையில் கொட்டியதும் நடுவில் அவள் நிற்பாள், சுற்றி இருபது முப்பது பெண்கள் நிற்பார்கள். சீட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று அவள் வாயால் சொல்லிவிட்டால் அந்தக் கூடை கேட்டவளுக்குத்தான். அப்புறம் எவன் வந்து இரண்டு மடங்கு தருகிறேன் என்றாலும் அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

ஏலம் விடுகிறவள் தன் ஏலத்தில் தானே கேட்கக்கூடாது என்பது அந்தக் கரையின் முறை. வீட்டுக் குழம்புக்கு நாலு சங்கரா வேண்டுமென்றாலும், எல்லாம் முடிந்தபிறகு வாங்கினவளிடம் போய் விலை கொடுத்துத்தான் வாங்குவாள் அஞ்சலாட்சி. அதே மாதிரி, படகுக்காரரிடம் பேசவேண்டியதைப் படகில் போகிற ஆளிடம் பேசுவதும் முறையில்லை. வாக்குக் கொடுத்தவர் எவரோ அவரிடம்தான் பேச்சு. அவரைத் தாண்டி ஆளிடம் போனால் அவரை அவமானப்படுத்தியதாகும். இந்த இரண்டிலும் அவள் இம்மியும் பிசகினதில்லை. அதனால்தான் அவள் பேச்சுக்குக் கரையில் அவ்வளவு மதிப்பு. அதே முறையால்தான் போன வருஷம் சித்திரையில் அவள் ஏமாந்தும் போனாள். அதைத்தான் சொல்லவேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது அவள் புருஷன் முத்துவேலுக்குக் காலில் அடிபட்டது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்து விசைப்படகில் போகிறவர். கடைசி நடை. வலையை இழுக்கிற இரும்புக் கயிறு தெறித்துத் தொடையில் அடித்தது, எலும்பு இரண்டாகப் போய்விட்டது. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துச் சேர்த்தார்கள். உடம்பில் சர்க்கரை இருந்ததால் புண் ஆறத் தாமதமானது. ஆனால் கால் பிழைத்தது. அதுவே பெரிய விஷயம்.

டாக்டர் ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போனபிறகும் மூன்று மாதம் குந்தி உட்காரக்கூடாது, படி ஏறக்கூடாது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமதரையில் நடக்கலாம். அவர்கள் வீட்டில் கக்கூஸ் பின்பக்கம் வெளியே இருந்தது. மூன்று படி ஏறவேண்டும், ஏறினால் குந்தவேண்டும்.

ஒருநாள் காலை ஆஸ்பத்திரியில் முத்துவேல் நாலு இட்லியில் ஒன்றைத் தின்றுவிட்டு மூன்றைத் தள்ளிவைத்தார்.

"இன்னாய்யா, அப்படியே வெச்சிருக்க?"

"பசிக்கல."

"நேத்தும் பசிக்கல. முந்தாநேத்தும் பசிக்கல. பத்து இட்லி துன்றவனுக்கு இன்னா ஆச்சு?"

முத்துவேல் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சாப்ட்டா போவணும் அஞ்சல. போவணும்னா நாலு பேரக் கூப்புடணும். தூக்கறான், துணி நவுத்தறான், பக்கத்துப் படுக்கைக்காரன் மூஞ்ச மூடிக்கறான். வூட்டுக்கு வந்தா நானே போயி நானே வரணும். அது முடியாதுன்னா என்ன இங்கயே வுட்டுடு."

முப்பது வருஷம் கடலில் போன மனுஷன், வெட்கத்துக்குப் பயந்து அரைவயிறு சாப்பிடுகிறார். அஞ்சலாட்சிக்கு அந்த மூன்று இட்லியைப் பார்க்கமுடியவில்லை.

முத்துவேலின் தங்கை தில்லையம்மாள் அரியாங்குப்பத்தில் இருக்கிறாள். நல்லவள், ஆனால் தன் வீட்டைப்பற்றிச் சொல்லாமல் ஒரு வாக்கியம் பேசமாட்டாள். அன்றைக்கும் வந்தாள்.

"அண்ணன் எங்க வூட்டுக்கே வரட்டும் அண்ணி. எங்களுக்கு உக்காற்ற கக்கூஸு, டைல்ஸு, சுடுதண்ணி எல்லாம் இருக்கு. உங்க வூட்டுல இதெல்லாம் எப்பக் கட்டி, எப்ப முடிச்சி..."

அவள் போனபிறகு முத்துவேல் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "தங்கச்சி வூட்டு மாப்ள எதிர்ல நான் தட்டுத் தடுமாறிக்கினு கக்கூசுக்குப் போவணுமா?"

"நீ உன் வூட்டுக்குத்தான் வருவ" என்றாள் அஞ்சலாட்சி. "உன் கக்கூசுக்குத்தான் போவ. இப்ப இந்த இட்லியத் துன்னு."

வாக்குக் கொடுத்துவிட்டாள். இனி அது நடக்கவேண்டும்.

அப்போது குப்பத்தில் வீட்டு வேலை எடுத்துச் செய்தவன் புருஷோத்தமன். காண்ட்ராக்டர். வயது நாற்பதுக்குள்தான். சுத்தமான சட்டை, காதில் பேனா, பேச்சில் வெல்லம். வந்தான், டேப்பைப் பிடித்து அளந்தான், டீ குடித்தான். அஞ்சலாட்சி அவனைக் கூடத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். அடுப்பங்கரைக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில் கட்டவேண்டும். கூடத்துத் தரையும் அந்தத் தரையும் ஒரே மட்டமாக இருக்கவேண்டும், படி ஒன்றுகூடக் கூடாது. உட்காருகிற கக்கூஸ், பக்கத்தில் பிடித்து எழ ஒரு கம்பி, வாக்கர் நுழைகிற அளவுக்கு வாசல்.

எல்லாவற்றுக்கும் அவன் தலையை ஆட்டினான். "ஆயிடும்க்கா."

முதல் மூன்று நாள் பக்கிரி கொத்தனார் இரண்டு சித்தாளோடு வந்து அஸ்திவாரம் எடுத்தார். அப்புறம் ஆளைக் காணோம். அஞ்சலாட்சி காலையில் கரை, பகலெல்லாம் ஆஸ்பத்திரி, நடுவில் போன் என்று அலைந்தாள். பத்துத் தடவை அடித்தால் ஒரு தடவை எடுப்பான்.

"கிளம்பிட்டேன்க்கா. நெல்லித்தோப்பு சிக்னல்ல நிக்கிறேன்."

இரண்டு மணிநேரம் கழித்து அடித்தாலும் அதே நெல்லித்தோப்பு சிக்னல். அவனுக்காக மட்டும் அந்த விளக்கு பச்சையே ஆகாது போலிருந்தது. ஒருநாள் சிக்னலில் நின்றபடியே அப்பளம் நொறுக்குகிற சத்தம் கேட்டது. இன்னொரு நாள், "சொல்தா வூட்டு வேலக்கா, பிரான்ஸ் பட்டாளத்துப் பென்ஷன்காரங்க, அங்கேர்ந்து வந்துக்கிறாங்க, அவங்க ஊருக்குத் திரும்பறதுக்குள்ள முடிச்சிக் குடுக்கணும்" என்றான். மகள் சங்கவி துணிக்கடை வேலைக்கு நடுவில் போனில் எழுதி அனுப்புவாள். "பாத்துட்டான்மா, ரெண்டு நீலக் கோடு வந்துடுச்சி" என்பாள். "கோடு வந்து இன்னாடி, கொத்தனார் வரணும்" என்பாள் தாய்.

அப்புறம் ஆள் வரும், ஒருநாள் சுவர் ஏறும், மறுபடி இரண்டு நாள் ஆள் இருக்காது. ஏன் வந்தார்கள், ஏன் வரவில்லை, நாளைக்கு உண்டா இல்லையா, எதுவும் தெரியாது. பக்கிரி கொத்தனாரை நேரில் பார்த்தபோதுகூட அஞ்சலாட்சி வேலையைப்பற்றி வாய் திறக்கவில்லை. டீ கொடுப்பாள், "சாப்ட்டியாண்ணே" என்பாள், அவ்வளவுதான். வாக்குக் கொடுத்தவன் புருஷோத்தமன், அவனிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது, அவனைத் தாண்டி ஆளிடம் பேசுவது முறையில்லை. கரைப்புத்தி. அந்தப் புத்திதான் அவளைக் கவிழ்த்தது.

வெள்ளியும் சனியும் முத்துவேலுக்குக் காய்ச்சல் கண்டது. அஞ்சலாட்சி ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். சாவி பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பாவிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் விட்டது. "வர்ற வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போகலாம்" என்று டாக்டர் சொன்னார். அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தவள் அடுப்பங்கரையைத் தாண்டிப் பார்த்தாள்.

சுவர் எழும்பியிருந்தது. தரை போட்டிருந்தது. கூடத்துத் தரைக்கும் அந்தத் தரைக்கும் நடுவில் முக்கால் முழ உயரத்துக்கு ஒரு படி, வழவழவென்று பூசி, ஓரமெல்லாம் உருட்டி, அழகாக நின்றுகொண்டிருந்தது.

பக்கிரி கொத்தனார் அன்றைக்கு மிச்சமிருந்த சிமெண்டை வழித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"வாம்மா, பாத்தியா? எங்க கொத்துக்காரன் எவனும் இப்படி ஏத்தியிருக்கமாட்டான். கடலே உள்ள வந்தாலும் உன் பாத்ரூம்ல ஒரு சொட்டுத் தண்ணி ஏறாது!"

அஞ்சலாட்சி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரக் கேட்டு ஏத்தின?"

"யாரக் கேக்கணும்? குப்பத்துல எந்த வூட்லயும் பாத்ரூம் ஒசந்துதான் இருக்கும். மழத்தண்ணி ஏறக்கூடாது, பைப்புக்கும் வாட்டம் கெடைக்கணும். தெருப்பக்கத்துச் சாக்கடைச் சேம்பர் மேல கீது, தர தாழ்ந்தா தண்ணி எப்படி ஓடும்?"

"எம் புருஷன் தொடையில கம்பி வெச்சிக்கிது பக்கிரிண்ணே. படி ஏறக்கூடாது. அவருக்குத்தான் இது. புருஷோத்தமன் சொல்லல?"

பக்கிரியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "சாமி சத்தியமா ஒரு வார்த்த சொல்லல. 'அஞ்சலாட்சியக்கா வூட்ல பாத்ரூம், சுருக்கா முடி' அப்படின்னாரு. யாருக்கு, எதுக்குன்னு நான் இன்னா கனவா கண்டேன்? நீயாவது சொல்லியிருக்கலாமே. தெனம் டீ குடுத்தியே, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

அஞ்சலாட்சி புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சரி, நாளைக்கு இத இடிச்சிடு."

"நாளைக்கு நான் இங்க வரமாட்டேனேம்மா. சின்னப்பாப்பா வூட்டுக் கிச்சன் மேடைக்குப் போவச் சொல்லிட்டாரு."

வாசலில் நின்றிருந்த சின்னப்பாப்பா பாய்ந்து வந்தாள். "நம்ம வூட்டுக்கா? என்கிட்ட, 'பக்கிரி ஒரு மாசம் அஞ்சலாட்சியக்கா வூட்டுலயே மாட்டிக்கினாரு, அந்தம்மா வுடமாட்டேன்றாங்க' அப்படின்னானே!"

"நான் வுடமாட்டேன்றனா?"

அங்கே ஆரம்பித்தது. இரண்டு பேரும் தெருவில் இறங்கி விசாரித்தார்கள். தடைக்காலத்தில் விசைப்படகு ஆண்கள் எல்லாம் கரையில் இருப்பார்கள், மணல் அள்ள, செங்கல் தூக்க வீட்டு ஆளே கிடைக்கும். அதனால் குப்பத்தில் சுவர் இடிப்பதும் கட்டுவதும் அந்த அறுபத்தொரு நாளில்தான். புருஷோத்தமன் ஒரே கொத்தனாரை வைத்துக்கொண்டு ஐந்து வீட்டு வேலையை ஒப்புக்கொண்டிருந்தான். ஒவ்வொருத்தியிடமும் இன்னொருத்தியைக் காட்டி நாள் தள்ளியிருந்தான். ஐந்து வீட்டிலும் அவன் குடித்த டீயைக் கூட்டினால் ஒரு குடம் வரும்.

"நாளைக்கு வரட்டும், ஆளுக்கொரு வெளக்குமாறு எடுத்துக்கலாம்" என்றாள் ஒருத்தி.

"அடிச்சா ஓடிடுவான். ஓடிட்டா படி அங்கயே நிக்கும்" என்றாள் அஞ்சலாட்சி. "காலைல கரைக்கு வாங்க. எல்லாரும்."

திங்கட்கிழமை விடிந்து தடையில்லாத சின்னப் பைபர் படகு ஒன்று நல்ல வஞ்சிரத்தோடு வந்தது. புருஷோத்தமனுக்கு வஞ்சிரம் என்றால் உயிர். குப்பத்துக்காரிகள் நம்பரை எல்லாம் அவன் பெயரோடு பதிந்துவைத்திருந்தான், எடுக்கமாட்டான். அதனால் வெளியூர் மீன்காரி ஒருத்தியின் போனை வாங்கிச் சின்னப்பாப்பா அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அண்ணே, வஞ்சிரம் வந்துக்கிது. உனக்கு ஒன்னு எடுத்து வெக்கட்டா?"

"எட்து வை, எட்து வை, பத்து நிமிஷத்துல வரேன்!"

பத்து நிமிஷத்தில் வந்தான். அன்றைக்கு மட்டும் நெல்லித்தோப்பு சிக்னல் அவனைப் பிடிக்கவில்லை. வஞ்சிரம் உண்மைதான், அஞ்சலாட்சி பொய் சொல்லி யாரையும் வரவழைக்கிறவள் இல்லை. அதைச் சின்னப்பாப்பா அவனுக்காக ஏலத்தில் எடுத்து, நியாயமான விலைக்குக் கையிலும் கொடுத்தாள். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினவன், சுற்றிலும் ஐந்து வீட்டுக்காரிகளும் நிற்பதைப் பார்த்தான். அவர்களுக்குப் பின்னால் கரையே நின்றது.

"இன்னாக்கா... எல்லாரும் ஒன்னா..."

"இரு தம்பி. இன்னும் ஒரு ஏலம் பாக்கி இருக்கு" என்றாள் அஞ்சலாட்சி.

"இன்னா மீனு?"

"மீனு இல்ல. பக்கிரி."

டீக்கடைப் பக்கம் நின்றிருந்த பக்கிரி கொத்தனார் கையில் கிளாசோடு திடுக்கிட்டார். "என்ன ஏன்டியம்மா கூடையில போட்றீங்க?" கரை முழுக்கச் சிரித்தது. புருஷோத்தமனும் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

"இன்னைலேர்ந்து வியாழக்கிழம வரைக்கும், பக்கிரிண்ணனும் ரெண்டு சித்தாளும். நாலு நாளு. பணத்துக்கு இல்ல. யாருக்கு இன்னா அவசரமோ அதச் சொல்லிக் கேளுங்க" என்று சொன்னவள், அடுத்துச் செய்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. நடுவிலிருந்து நகர்ந்து வந்து கேட்கிறவர்களின் வரிசையில் நின்றாள்.

"நீ ஏலம் கூறு" என்றாள் சின்னப்பாப்பாவிடம்.

"நானாக்கா? எனக்கு எங்கக்கா வரும்?"

"நான் கேக்கப் போறேன். கேக்கறவ கூறக்கூடாது."

இருபத்தொரு வருஷத்தில் அஞ்சலாட்சி அந்த வரிசையில் நின்று யாரும் பார்த்ததில்லை. சின்னப்பாப்பா தொண்டையைக் கனைத்து, கீச்சுக்குரலில், "பக்கிரி கொத்தனாரு, நாலு நாளு, கேக்கறவங்க கேளுங்க" என்றாள்.

"மாடியில கைப்புடிச் சுவரு இல்ல, என் பேரப்புள்ள ஓரத்துக்கே ஓடறான்" என்றாள் ஒருத்தி.

"எம் பொண்ணுக்கு வைகாசில வளகாப்பு, வாசப்பக்கம் இடிச்சிப் போட்டது அப்படியே கெடக்குது" என்றாள் இன்னொருத்தி.

எல்லாம் நியாயம்தான். அடுத்து அஞ்சலாட்சி. அவள் வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. முத்துவேலைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் அதுவரை "காலுல அடி, தேவலாம்" என்று மட்டுமே சொல்லியிருந்தாள். வீட்டுக் கஷ்டத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறவள். அவள் குரலைக் கேட்டுப் பழகின கரை, அது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"எம் புருஷன் வெள்ளிக்கிழம வூட்டுக்கு வராரு" என்றாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "குந்த முடியாது, படி ஏற முடியாது. ஆஸ்பத்திரில நாலு பேரு தூக்கணுமேன்னு அரவயிறு சாப்புட்றாரு. ஒரு இட்லி துன்னுட்டு மூணத் தள்ளிடறாரு. எங்க வூட்ல அவருக்கு முன்னாடி ஒரு படி கட்டி வெச்சிக்கிது. அவரு தானா நடந்து கக்கூசுக்குப் போவணும். தானா திரும்பி வரணும். அதுக்குத்தான் கேக்கறேன். நாலு நாளு எனக்கு வேணும்!"

கடைசி வார்த்தை சோலை நகர் வரைக்கும் போயிருக்கும்.

முதலில் பேரப்பிள்ளைக்காரிதான் வாயைத் திறந்தாள். "நான் கேக்கல. என் புள்ளய நான் இடுப்புல முடிஞ்சிக்கறேன்." வளைகாப்புக்காரி, "எனக்கு வைகாசி கடைசிலதான், நாள் கெடக்குது" என்றாள். இன்னும் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முத்துவேலண்ணனுக்கு மேல யாருக்கு அவசரம்?" என்றாள். சின்னப்பாப்பாவும் கூறுகிறவள் என்பதை மறந்து, "என் கிச்சன் மேட எங்கயும் ஓடிடாதுக்கா" என்றாள். அப்புறம் நினைவு வந்து, நிமிர்ந்து நின்று, ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் சொல்லி முடித்தாள்.

"இப்ப நீ சொல்லு" என்றாள் அஞ்சலாட்சி புருஷோத்தமனிடம்.

"ஆயிடும்க்கா."

"ஏய்!" என்று கரையே கத்தியது.

"அந்தச் சொல்லே வேணாம் தம்பி. யாரு, எந்த நாளு, எந்த வூடு. இவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

அவன் வஞ்சிரப் பையைக் கை மாற்றிக்கொண்டு சொன்னான். "பக்கிரி... திங்களு, செவ்வா, புதன், வியாழன்... அஞ்சலாட்சியக்கா வூடு." மூன்று தடவை சொல்லவைத்தார்கள். மூன்றாவது தடவையில் குரல் நன்றாகவே வந்தது. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "ஆளு இல்லன்னு சொன்னா நீங்கள்லாம் வேற ஆளப் பாத்துடுவீங்கன்னு பயம்க்கா" என்றான்.

"படகு வராதுன்னு தெரிஞ்சா நாங்க கூடைய எடுத்துக்கினு வேற கரைக்குப் போயிடுவோம், யார் மேலயும் கோவம் வராது. வருது வருதுன்னு சொல்லி மத்தியானம் வரைக்கும் மணல்ல உக்கார வெக்கறான் பாரு, அவனத்தான் மறக்கமாட்டோம். இல்லன்னா இல்லன்னு சொல்லு. காலைல ஆறு மணிக்கு இங்க வந்து சொல்லு, அன்னைக்கு யாரு எங்கன்னு. போன் அடிச்சா நாங்களும் எடுக்கமாட்டோம். இன்னொன்னு, இனிமே பக்கிரிண்ணன்கிட்ட நானே நேராப் பேசுவேன். உன்கிட்ட உத்தரவு கேட்டுட்டுத்தான் பேசறேன். சரியா?"

"சரிக்கா."

ஒப்புக்கொண்டபடி அவன் மறுநாள் வந்தானா என்று கேட்பீர்கள். வந்தான். ஆறு மணிக்குப் பல்கூட விளக்காமல் வந்து நின்று, "பக்கிரி அக்கா வூடு, மத்த வூட்டுக்கு இன்னைக்கு ஆளு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். 'இல்ல' என்கிற சொல் அவன் வாயிலிருந்து வந்ததற்குக் கரையில் கைத்தட்டல்.

நாலு நாளும் அஞ்சலாட்சி ஏலத்தை முடித்த கையோடு பக்கிரி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குச் சங்கவி கடையில் லீவு சொல்லிவிட்டுப் போனாள். தன் கையால் உருட்டிப் பூசின படியை உடைக்கும்போது பக்கிரி முகத்தைத் திருப்பிக்கொண்டே உடைத்தார். வாட்டத்துக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு, வீட்டைச் சுற்றி இரண்டு நடை நடந்துவிட்டு, "பின்சந்துல ஒரு சேம்பர் தாழ்ந்து கீதும்மா. பைப்ப அந்தப் பக்கம் திருப்பிட்டா தர ஒரு விரக்கடகூட ஏத்த வேணாம். இதயே மொதநாளு சொல்லியிருந்தா..." என்று இழுத்தார்.

"சொல்லல. எந் தப்புதான். இப்ப சொல்றேன் கேளு" என்றாள்.

சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த வாக்கரை எடுத்துக் கையில் கொடுத்து, "புடி, நொண்டிக்கினே உள்ள போ" என்றாள். பக்கிரி போனார், வாசலில் வாக்கர் இடித்தது. இரண்டு விரல் அகலம் போதவில்லை, சுவரைக் கொத்தினார்கள். கம்பி எந்த உயரத்தில் வைப்பது என்று வந்தபோது, "நீயும் அவரும் ஒரே உசரம், உக்காரு" என்றாள். கலவை படிந்த லுங்கியோடு பக்கிரி புதுக் கக்கூஸில் உட்கார்ந்து, கையை நீட்டி, "இங்கயா? இன்னும் கொஞ்சம் கீழயா?" என்று கேட்க, இரண்டு சித்தாள் பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

"சிரிங்கடி, சிரிங்க. முப்பது வருஷமா கக்கூஸ் கட்றேன், ஒருத்தரும் என்ன உக்காரச் சொன்னதில்ல" என்றார் பக்கிரி.

வழுக்காத டைல்ஸ் ஒட்டி, தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். ஒரு சொட்டு நிற்காமல் பின்பக்கம் ஓடியது.

வெள்ளிக்கிழமை காலை புருஷோத்தமன் கரைக்கு வந்து, யாரும் கேட்பதற்கு முன்னாடியே சொன்னான். "அக்கா, கதவு இன்னைக்கு வராது. கடைக்காரன் ஞாயித்துக்கிழமதான் தரேன்றான். திட்டுங்க." அஞ்சலாட்சி திட்டவில்லை. "முன்னாடியே சொன்ன பாரு, அது போதும்" என்று வீட்டுக்குப் போய், தன் கெட்டிப் பச்சைப் போர்வையை எடுத்து வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டாள்.

பதினோரு மணிக்கு ஆட்டோ வந்தது. முத்துவேலோடு சங்கவியும், கூடவே தில்லையம்மாளும். தில்லை வழியெல்லாம், "இப்பயும் ஒன்னும் கெட்டுப்போவல, ஆட்டோவ நேரா அரியாங்குப்பம் வுடச் சொல்லலாம்" என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். அக்கம்பக்கத்தில் ஒரு பத்துப்பேர் தற்செயலாக வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கிரியும் எதற்கோ வந்ததுபோல ஒரு கரண்டியோடு நின்றார்.

முத்துவேல் வாக்கரை ஊன்றிக் கூடத்துக்குள் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. அவர் கண் அடுப்பங்கரையைத் தாண்டிப் போயிற்று.

"அங்கதானா?"

"அங்கதான்."

வாக்கரை ஒரு அடி வைத்தார், காலை ஒரு அடி வைத்தார். தில்லையம்மாள் பதறி அண்ணன் தோளைப் பிடிக்கப் போனாள். அஞ்சலாட்சி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். "வுடு தில்ல. அவரே போவாரு."

"வுழுந்துட்டாருன்னா அண்ணி?"

"வுழமாட்டாரு. தர ஒரே மட்டம்."

கூடம் முடிந்து அடுப்பங்கரை, அடுப்பங்கரை முடிந்து அந்த வாசல். வாக்கர் எங்கும் தட்டவில்லை. போர்வையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார், போர்வை மறுபடி விழுந்து மூடியது. ரொம்ப நேரம் ஆனமாதிரி இருந்தது. அப்புறம் தண்ணீர் கொட்டுகிற சத்தம். அப்புறம் கம்பியைப் பிடித்து ஒரு பெரிய ஆள் எழுகிற முக்கல். போர்வை விலகியது. முகம் கழுவிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட, தானாக நடந்து வந்தார் முத்துவேல்.

அஞ்சலாட்சி நிமிர்ந்து நின்றாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் ஒருதரம் பார்த்தாள், தில்லையம்மாளைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். அந்தப் பெருமை அவளுக்கு உரியதுதான். யாரும் அதைக் குறை சொல்லமுடியாது.

"உக்காருய்யா, சாப்புடு. பத்து இட்லி வெச்சிருக்கேன்."

முத்துவேல் உட்கார்ந்தார். ஆறு இட்லி தின்றார். ஏழாவதை எடுத்தவர் தட்டில் போட்டுவிட்டு, வாக்கரை இழுத்து ஊன்றி எழுந்து, மறுபடியும் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினார்.

"இன்னாய்யா, இப்பதான போய்ட்டு வந்த?"

"சும்மாதான்" என்றார் முத்துவேல், நடந்துகொண்டே.